ஓமன் மான்களுக்குத் திருப்பூர்த் தொட்டி

மான் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற தெரு எங்களுடையது. அன்றைக்கு வீட்டில் விசேஷமே இருந்தாலும் குடத்தை விட்டு ஆள் நகராது. "மானுக்குங்களா? தண்ணி குடுக்கவா ஏரோபிளேன்ல போறீங்க? நமக்கு ஒண்ணுமில்லீங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கேலிதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பகுதிக்கு சூப்பர்வைசர். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றி முடித்த தண்ணீர் என்னிடம் வரும். நிறத்தை எடுத்து, உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பிக் கொடுப்பேன். மிஞ்சுகிற உப்புத் தண்ணீருக்கு எங்கள் பாஷையில் ரிஜெக்ட் என்று பெயர். அது ஒரு சொட்டு மண்ணில் விழக்கூடாது. விழுந்தால் பட்டறைக்குச் சீல். இருபது வருஷமாக இந்த ஒரு பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் பிறருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு ஒரு டிஷர்ட்டை மேசையில் விரித்துக் காட்டினார். மணல் நிறம். நெஞ்சில் ஒரு மான். கழுத்தில் தொங்கும் அட்டையில், இந்தச் சட்டையை வாங்கினால் பாலைவன மான் ஒன்றுக்கு ஒரு நாள் தண்ணீர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. முதலாளியின் தையல் கம்பெனியில் சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஓமனில் ஒரு வனவிலங்குக் காப்பகத்துக்கு உதவுகிறதாம். அங்கே நிலத்தடி நீர் உப்பு. முதலாளி பெரிய மனசு பண்ணி ஒரு சின்ன ஆர்.ஓ. மெஷினைக் கப்பலில் அனுப்பிவைத்திருந்தார். அது போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஓடவில்லை.

"ஏனுங் சண்முகம், அடுத்த வாரம் வியாழக்கிழம சட்ட வாங்கற பையர் ஆளுங்க கேமராவோட அங்க வர்றாங்க. அன்னிக்கு மான் தண்ணி குடிக்கோணுங்க. குடிச்சா அடுத்த சீசன் ஆர்டர் நமக்கு. இல்லீன்னா ரெண்டாவது ஷிப்டை நிறுத்தறதத் தவர எனக்கு வேற வழி தெரியலீங்க" என்றார்.

ரெண்டாவது ஷிப்டில் இருப்பவர்களில் என் மனைவி கவிதாவும் ஒருத்தி. செக்கிங் பிரிவில் நின்றுகொண்டே தைத்து வந்த பீஸில் குறை பார்க்கிறாள். முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். "போறனுங்க" என்றேன்.

புதன்கிழமை போய் இறங்கினேன். விமான நிலையத்தில் என் பெட்டியைப் பார்த்து அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? ஒரு பெட்டி நிறைய ஃபில்டர், வால்வு, ஸ்பேனர். இன்னொன்றில் மடித்துச் சுருட்டிய தடித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட். ரிஜெக்ட் தொட்டிக்கு அடியில் விரிப்பது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தேன். என்ன வேலையாக வந்தாய் என்று கேட்டார். மான், தண்ணீர் என்று கையால் நடித்துக் காட்டினேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரிடமும் நடித்துக் காட்டினேன். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்கள்.

வெளியே காப்பகத்து டிரைவர் பிஜு காத்திருந்தார். கோட்டயத்துக்காரர். முதல் வேலையாக ஒரு மலையாளி ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குக் கிருத்திகை, நான் கவிச்சி தொடமாட்டேன். குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் சொன்னேன். பருப்பு என்று வந்த கிண்ணத்தில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. கவிதா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியைப் பிரித்துத் தூவிக்கொண்டேன். பக்கத்து மேசையில் இருந்த வங்காளதேசத்துக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். அவருக்கும் ஒரு கரண்டி போட்டேன். பழக்கதோஷத்தில் குடிக்கிற தண்ணீரில் உப்பு மீட்டரை விட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வருவதைவிட நல்ல தண்ணீர். எரிச்சலாக வந்தது.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கிய அரை மணி நேரத்தில் வண்டி புதைந்தது. பிஜு சக்கரத்தில் காற்றை இறக்கினார், கம்பளியை அடியில் கொடுத்தார், மாதாவைக் கூப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. என் செருப்பின் அடி சூட்டில் இளகிவிட்டது. அடக் கெரகமே, மானுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவன் தண்ணீர் இல்லாமல் சாகப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது வெள்ளை அங்கி போட்ட ஓர் ஓமானியப் பெரியவர் ஜீப்பில் வந்தார். முதலில் பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை கயிற்றைத் தொடவிடவில்லை. பிறகு ஒரே இழுப்பில் வண்டியை வெளியே எடுத்துவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்டதும் பிஜு சொன்னதும் அரபியில். பெரியவர் சொன்னதை பிஜு எனக்குச் சொன்னார்: "மழை பெய்யாத ஊருக்கு மெஷினைக் கொண்டுவந்தால் மான் எப்படிக் குடிக்கும், அதற்கு மெஷின் தெரியுமா என்று கேட்கிறார்." நான் சிரித்தேன்.

காப்பகம் என்றால் காடு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கூழாங்கல்லும் முள்மரமும்தான். கண்ணுக்கு எட்டும்வரை வேறு ஒன்றும் கிடையாது. நடுவில் இரண்டு தகர அறைகள், சூரியத் தகடுகள், ஒரு ஆழ்துளைக் கிணறு, எங்கள் மெஷின், சிமெண்ட் தொட்டி. அங்கே காவலுக்கு இருந்தவர் பெயர் காசிம். ஜெய்சல்மேர் பக்கத்து ஆடு மேய்க்கிற குடும்பம். ஐம்பது வயது இருக்கும், ஆரஞ்சு நிறத்தில் தலைப்பாகை. பதினோரு வருஷமாக அங்கேயே இருக்கிறார்.

என்னுடைய இந்தி பட்டறையில் பீகார்ப் பையன்களிடம் பொறுக்கியது. வால்வை மூடு, சீக்கிரம் வா, நாளைக்கு லீவு கிடையாது, அவ்வளவுதான் வரும். காசிம் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இஞ்சினியர் சாப், உங்கள் இந்தியில் கட்டளை மட்டும்தான் இருக்கிறது" என்றார். நான் இஞ்சினியர் இல்லை, டிப்ளமா என்று சொல்லத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தத் தண்ணீரை நம்பி இருந்தவை பதினோரு மான்கள். நம் ஊர்ப் புள்ளிமான் மாதிரி இல்லை. வெள்ளாட்டுக்குட்டி அளவுதான். குச்சிக் கால்கள், பெரிய கண். தன் ஊரில் இருக்கிற சிங்காரா மான்களின் சொந்தக்காரர்கள் இவை என்றார் காசிம். அதில் ஒன்று சினை. முன்பு வாரம் ஒரு டேங்கர் வந்து தொட்டியை நிரப்புமாம். ஆர்.ஓ. மெஷின் வந்துவிட்டது என்று டேங்கரை நிறுத்திவிட்டார்கள். மெஷின் ஓடவில்லை என்று காசிம் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காகிதத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இந்த மனுஷன் தனக்குக் குடிக்க வருகிற கேனில் பாதியைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபோது எங்கள் முதலாளியின் பெரிய மனசு மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வியாழனிலிருந்து சனிவரை மெஷினோடு மல்லுக்கட்டினேன். ஃபில்டரில் மணல் அடைத்திருந்தது. பம்ப்பை மாட்டிய புண்ணியவான் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான், மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வயரை இடம் மாற்றினேன். சனிக்கிழமை மத்தியானம் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. காசிம் உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். இருபது வருஷத்தில் நான் சுத்தம் பண்ணிய தண்ணீரை ஒரு உயிர் குடித்து நான் பார்த்ததில்லை. அது திரும்பச் சாயத்துக்குத்தான் போகும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காசிம் கம்பு ரொட்டி தட்டினார். ஊரிலிருந்து வரும்போது கம்பு மாவு கொண்டுவருவாராம். நான் பருப்புப்பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தேன். பிஜு இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டு, கோட்டயத்தில் ஓட்டல் வைக்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் கௌதாரி மாதிரிப் பறவைகள் கூட்டமாக வந்து குடித்தன. பிறகு மான்கள். ஆனால் அவை தொட்டிக்கு வரவில்லை. மெஷினின் ரிஜெக்ட் குழாயைச் சரிவில் மணலில் விட்டிருந்தார்கள். ஈர மண்ணில் உப்புப் பூத்திருந்தது. மான்கள் அங்கே போய் அதை நக்கின. எனக்கு உச்சி மண்டை சூடேறிவிட்டது. மான் நக்கியதற்காக இல்லை, ரிஜெக்ட் மண்ணில் விழுந்ததற்காக.

பார்க்க வருகிறவர்களுக்காகப் பாதையைச் சமப்படுத்த அன்றைக்கு ஒரு ஜே.சி.பி. வந்திருந்தது, புதன்வரை அதற்கு அங்கேதான் வேலை. ஓட்டுநரைப் பிடித்துச் சரிவில் ஒரு குழி எடுக்கச் சொன்னேன். மார்பளவு ஆழம், நாலு பக்கமும் செங்குத்து. கறுப்பு ஷீட்டை ஒரே விரிப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து விரித்தேன். ஓரத்தை மண்ணில் புதைத்தேன். ரிஜெக்ட் குழாயை அதற்குள் விட்டேன். வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் அடியில் நிற்கும். எங்கள் ஊர் முறை. அதிகாரிகள் வந்து பார்த்தால் கை கொடுத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு நேர்த்தி.

காசிம் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சாப், ஒரு பக்கத்தைச் சரிவாக்குங்கள். மான் உப்புக்கு வரும். உள்ளே விழுந்தால் ஏற முடியாது" என்றார்.

சரிவாக்கினால் கொள்ளளவு குறையும், தண்ணீர் வழியும் என்றேன்.

"அப்படியானால் கல்லாவது போடலாம். மிதித்து ஏறிவிடும்."

"கல் ஷீட்டைக் கிழிக்கும்" என்று கத்தினேன். "ஒரு ஊசி ஓட்டை போதும், உப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகு இந்த மண் எதற்கும் ஆகாது. நான் பார்த்தவன்."

பார்த்தவன்தான். நொய்யல் ஆற்றோரம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. சாயத்தண்ணீர் இறங்கிக் கிணறு கெட்டது. தென்னை குருத்துக் கருகியது. எருமை குடிக்க மறுத்தது. அப்பா அந்த நிலத்தை விற்கவும் முடியாமல், உழவும் முடியாமல், ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் பட்டறையில் வேலைக்குச் சேரச் சொன்னார். கெடுத்தவனிடமே போய்க் கைகட்டி நின்றேன். இதையெல்லாம் என் கட்டளை இந்தியில் காசிமிடம் சொல்ல முடியவில்லை. "மண் செத்துவிடும், மண் செத்துவிடும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தால், குழியின் ஒரு மூலையில் மணல் மூட்டைகள் படிபடியாக அடுக்கியிருந்தன. காசிமின் வேலை. கல் வேண்டாம் என்றதால் அரிசிச் சாக்கில் மணலை அடைத்து அடுக்கியிருக்கிறார். மனுஷன் எத்தனை நேரம் பாடுபட்டாரோ. எனக்கு வந்ததே கோபம்! மூட்டை அழுத்தத்தில் மூலையில் ஷீட் இழுபட்டுச் சுருங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாளில் கேமரா வரப்போகிறது, ஷீட் கிழிந்து உப்புத் தண்ணீர் வழிந்தால் என் முகத்தில் கரி என்று மட்டும்தான் புத்தியில் ஓடியது. வாய்க்கு வந்தபடி பேசினேன். எல்லாம் பட்டறைப் பையன்களைத் திட்டுகிற வார்த்தைகள்.

"எடு. இப்போதே எடு" என்றேன்.

அவர் உள்ளே இறங்கி ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் வைத்து வெளியே எடுத்தார். நான் கைகொடுக்கவில்லை. மேலே நின்று ஷீட் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மூட்டை வந்ததும் அவர் ஏறுவதற்கு பிஜு கையை நீட்டித் தூக்கிவிட்டார். ஷீட்டில் கால் வழுக்கி, ஆளாலேயே அந்தக் குழியிலிருந்து தானாக ஏற முடியவில்லை. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

புதன்கிழமை விடியற்காலையில் காசிம் என் கதவைத் தட்டினார். நான் வெளியே வந்ததும் முன்னால் நடந்தார்.

குழிக்குள் மூன்று மான்கள். இரண்டு அசையவில்லை. மூன்றாவது சினை மான். சுவரோடு ஒண்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஆழமே இல்லை, என் முழங்கால்கூட வராது. அவை மூழ்கிச் சாகவில்லை. ராத்திரி முழுக்க ஏறி ஏறி வழுக்கி, நெஞ்சு வெடித்துச் செத்திருக்கின்றன என்றார் காசிம். உள்ளே குதித்துச் சினை மானை வாரி எடுத்து மேலே நீட்டினார். நான் வாங்கினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. நிழலில் கிடத்தி நல்ல தண்ணீரை வாயில் விட்டோம். இரண்டு வாய் உள்ளே போயிருக்கும். பிறகு தலை என் மடியிலேயே தொங்கிவிட்டது.

நான் குழியைத் திரும்பிப் பார்த்தேன். நாலு சுவரிலும் மேலிருந்து கீழே குளம்புக் கீறல்கள். நூற்றுக்கணக்கில். ஷீட் ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை.

காசிம் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் மூன்றையும் வரிசையாகக் கிடத்தித் தன் தலைப்பாகையை அவிழ்த்து மூடினார். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிஜு எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

அறைக்குள் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"மத்த மானெல்லாம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"எட்டு இருக்குதுங்க."

"செரி. அந்தக் குழிய ஜே.சி.பி.ய உட்டு இன்னிக்கே மூடீருங்க. நாளைக்கு அது கண்ல படப்புடாது." பிறகு, "காப்பகத்து மேனேஜரு ரிப்போர்ட் கேப்பாப்ல. நம்மாளு செஞ்ச தப்புன்னு எழுதுனீங்கன்னா ஆர்டர் போச்சுங்க சண்முகம். கவிதாம்மணி மட்டுமில்ல, அத்தன பேரும் ஊட்டுக்குப் போகோணும். நீங்க பொய்யெல்லாம் எழுத வேண்டாங்க. மூட்டை இருந்துச்சு, வாட்ச்மேன் எடுத்துட்டாருன்னு எழுதுங்க. அது நெசந்தானுங்களே?" என்றார்.

மத்தியானம் மேனேஜர் வந்தார். கண்ணியமான மனிதர்தான். செத்த மான்களைப் பார்த்து அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். பிஜு தண்ணீர் கேன் எடுக்கப் போயிருந்தார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். விலங்குகள் ஏறி வரக் குழியில் மணல் மூட்டைகளால் படி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை காவலாளி அதை அகற்றினார். புதன் அதிகாலை மூன்று மான்கள் இறந்து கிடந்தன. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யார் சொல்லி அகற்றினார் என்று மட்டும் எழுதவில்லை.

காவலாளியும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மேனேஜர். காசிமுக்கு ஆங்கிலம் தெரியாது. பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "என்ன எழுதியிருக்கிறது சாப்?" என்று கேட்டார்.

"மூன்று மான் செத்துப்போனது. அதுதான்" என்றேன்.

"அது உண்மைதானே" என்று சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தன் பெயரை எழுதினார். நான் பேனாவைத் திரும்ப வாங்கி மூடினேன். மேனேஜர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும்வரை உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது.

குழியை மூடினார்கள். ஷீட்டையும் சேர்த்துத்தான். ரிஜெக்ட் குழாய் பழையபடி மணலுக்கே போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தவர்கள் மூன்று பேர். வெயிலில் சிவந்துபோய், ரொம்ப நல்லவர்களாக இருந்தார்கள். எங்கள் எல்லாருக்கும் அந்த மான் டிஷர்ட்டைக் கொடுத்தார்கள். திருப்பூரில் தைத்த சட்டையை எனக்கு ஓமனில் பரிசாகக் கொடுக்கிறார்கள். காசிமும் ஒன்றை வாங்கி அங்கேயே விரித்து, மானின் கொம்பு தப்பாக இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். நாள் முழுக்க மான் வரவில்லை. முதலாளி நாலு தடவை போன் பண்ணினார். பொழுது சாயும் நேரத்தில் காசிம், அலசிக் காயவைத்த தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, தொட்டியைத் துடைத்துப் புதுத் தண்ணீர் விட்டு, நாக்கை மடித்து ஏதோ சத்தம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். எட்டு மான்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தலை தாழ்த்திக் குடித்தன. கேமரா வைத்திருந்த பெண் அழுதேவிட்டார். என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான். என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிஜு வண்டியை எடுத்தபோது காசிமும் ஒரு பெட்டியோடு வந்து ஏறினார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். எனக்குக் கொச்சி வழியாக ஊர் என்றால் அவருக்கு டெல்லி வழியாக ஊர் என்று சொல்லிச் சிரித்தார் பிஜு. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஐந்து மணி நேரப் பயணம். காசிம் வழியில் ரொட்டியைப் பிய்த்து எனக்கும் கொடுத்தார்.

"மூன்று உயிர் போயிருக்கிறது. யாராவது ஒருத்தர் போக வேண்டும் இல்லையா? போகட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாப், உங்கள் வார்த்தைக்கு அவர்கள் மதிப்புக் கொடுப்பார்கள். காசிம் நன்றாக வேலை பார்த்தான் என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுங்கள். வேறு எங்கேயாவது காட்டுகிறேன்" என்றார்.

மடியில் பையை வைத்து, குலுங்குகிற வண்டியில் எழுதினேன். நேர்மையானவர், விலங்குகளை நேசிப்பவர், தன் குடிநீரை அவற்றுக்குக் கொடுத்தவர் என்று தெரிந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் போட்டேன். எழுத வேண்டிய ஒரு வரி இருந்தது. அதற்கு இடமும் இருந்தது. அதை எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காசிம் அதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

ஆர்டர் வந்தது. மணல் நிறச் சாயத்தண்ணீர் இப்போது தினமும் என் தொட்டிக்கு வருகிறது. போன மாதம் கம்பெனி வளாகத்தில் பந்தல் போட்டு, பெரிய திரையில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். மான் தலை தாழ்த்தியதும் எல்லாரும் கைதட்டினார்கள். முதலாளி என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "நம்ம திருப்பூர்த் தண்ணிய மான் குடிக்குது பாருங்க" என்று சொல்லி சால்வை போர்த்தினார். நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். கவிதா சால்வையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் படத்துல தொட்டியத் தொடச்சிட்டு ஒருத்தரு ஒதுங்கி நின்னாரே, ஆரஞ்சு தலப்பாக் கட்டிட்டு. அவரு யாருங்க?"

"வாட்ச்மேன்."

"அந்த வெயில்ல என்னேரமும் அங்கியேதான் இருப்பாருங்களா?"

"பதினோரு வருசமா."

"அட சாமி. அப்பறம் சால்வைய அவருக்குத்தானுங்க போட்டிருக்கோணும்" என்றாள்.

"ஆமா, அவருக்குத்தான் போட்டிருக்கோணும்" என்றேன். தட்டில் சோற்றைப் பிசைந்தேன். நடந்தது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ரெண்டாவது ஷிப்டுக்குப் போய்வருகிறாள்.